எங்கேயாவது ஒரு டிக்கெட்

மழை வந்துவிட்டால் பட்டாசுக் கம்பெனியில் வேலை நடக்காது. அன்று காலையிலேயே அனுப்பிவிட்டார்கள் போல. திருத்தங்கலில் இரண்டு பெண்கள், திறக்காத தூக்குச்சட்டிகளோடு விருதுநகர் டவுன் பஸ்ஸில் ஏறி என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். கண்டக்டர் வந்ததும் ஜன்னலோரத்துப் பெண் சொன்னாள்:

"எங்கயாச்சும் ஒண்ணு போடுங்கண்ணே."

"ஊரச் சொல்லும்மா."

"பொம்பளைகளுக்கு ஃப்ரீதான?"

"காசு வேணாம். ஊரு வேணும்ல."

பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். "ஏன், வீட்டுக்குப் போகலையா?"

"லீவு விட்டது வீட்டுல யாருக்கும் தெரியாதுக்கா. சாயங்காலம் வரைக்கும் நான் வேலையிலதான் இருக்கேன்."

"சரி, என்ன செய்யப்போற?"

"அவருக்குச் செருப்பு வாங்கணும். மகளுக்கு ஒரு பை..."

"அது அவுகளுக்கு. ஒனக்கு என்ன வேணும்?"

அவள் வெளியே மழையைப் பார்த்தாள். கண்டக்டர் காத்துக்கொண்டு நின்றார்.

"என்னடி, படிக்காம பரீட்சைக்கு வந்தவ மாதிரி முழிக்க?"

"கடைசி ஸ்டாப்புக்கே குடுங்கண்ணே. நடுவுல எதுக்காச்சும் ஆசை வந்துச்சுன்னா எறங்கிக்கிறேன்."

கண்டக்டர் மற்றவளைப் பார்த்தார். "ஒங்களுக்கு?"

கேலி செய்தவளும் வெளியே மழையைப் பார்த்தாள்.

"எனக்கும் அதே ஸ்டாப்புக்குக் குடுங்க."