எட்டாவது ரிங்

போனில் உங்கள் காதில் விழும் மணியும் அந்தப் பக்கம் அடிக்கும் மணியும் ஒன்றல்ல, சார். பெரும்பாலானவர்களுக்கு இது தெரியாது. நமக்குக் கேட்பது, கொஞ்சம் பொறு என்று நம்மைச் சமாதானப்படுத்த இயந்திரம் போடும் சத்தம். அந்தப் பக்கம் போன் அடிக்கலாம், அடிக்காமலும் இருக்கலாம். இதை விளக்கிச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

நான் வேலை பார்த்த குளிர்க்கிடங்கை நீங்களே போய்ப் பார்த்திருக்கிறீர்கள். மீனும் பட்டாணியும் உறையவைத்து அடுக்கியிருக்கும். அங்கே போன்கள் எல்லாம் என் பொறுப்பு. ஒழுங்காக வேலை செய்கிற வரை என்னை ஒருவருக்கும் ஞாபகம் வராது. ஒரு நாள் கரகரவென்றால் போதும், முதலாளியிலிருந்து காவலாளி வரை என் தலையைத்தான் உருட்டுவார்கள்.

கைபேசியை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. ஒருத்தன் போனைப் பார்த்துக்கொண்டே வண்டியை ஓட்டி ஓர் அடுக்கையே சாய்த்துவிட்டான். அன்றிலிருந்து எல்லோருடைய கைபேசியும் வாசலில் ஒரு பெட்டியில் கிடக்கும், என்னுடையதும் சேர்த்து. வீட்டிலிருந்து யாராவது கூப்பிட வேண்டுமென்றால் அலுவலக எண்ணுக்குத்தான் அடிக்க வேண்டும். முன்மேசை அக்கா எடுக்காவிட்டால், சில ரிங் கழித்து அழைப்பு தானாகச் சரக்கு மேடைக்குத் தாவும். உள்ளே இருக்கும் போன்களும் அப்படியே. குளிரறைச் சுவரில் இருக்கும் போனை எடுத்தால் மேடையில் அடிக்கும். மேடையில் ஆள் இல்லையென்றால் வாசல் காவலாளியின் அறைக்குத் தாவும். எத்தனை ரிங் கழித்துத் தாவ வேண்டும் என்பது எல்லாவற்றுக்கும் ஒரே எண். அந்த எண்ணைப் போடுகிறவன் நான்.

கொஞ்ச காலமாக அழைப்பு தாவுவதற்குத் தாமதமாகிறது என்று புகார் வந்தது. சரக்கு எடுக்க வருகிறவர்கள் காத்திருந்து காத்திருந்து வைத்துவிடுகிறார்களாம். முதலாளி எல்லோரையும் வைத்துக்கொண்டு, "உனக்குப் போனைத் தெரியும், சரி. போனுக்கு உன்னத் தெரியலையேப்பா" என்றார். மேடையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தேனே தவிர, உள்ளுக்குள் சுருக்கென்றது.

கம்பிகளை மாற்றினேன். சுவிட்ச் அறையில் இருக்கும் போன் இணைப்புப் பெட்டியை அணைத்துப் போட்டேன். இரண்டு நாள் ஏணியில் ஏறி இறங்கினேன். பிறகு ஒவ்வொரு போனுக்கும் மேலே ஒரு தாள் ஒட்டினேன், குளிரறைக்குள்ளும்தான். 'ஐந்து ரிங்குக்குள் எடுக்காவிட்டால் வைத்துவிட்டு மறுபடி அடிக்கவும்.' வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கும் அதையே சொல்லச் சொன்னேன். வீட்டிலும் சொல்லிவைத்தேன். மறுபடி அடிப்பதற்குள் யாராவது மேசைக்கு வந்துவிடுவார்கள் அல்லவா. புகார் நின்றுபோயிற்று. மனிதர்களுக்குக் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால், காத்திருக்கிறோம் என்பதே அவர்களுக்கு மறந்துவிடும்.

சரக்கு மேடைக்கு சூப்பர்வைசர் என் தங்கையின் கணவர். நான் பார்த்துக் கட்டிவைத்த மாப்பிள்ளை. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷர். அங்கே விதி என்று எதை எழுதி ஒட்டினாலும் நின்று முழுக்கப் படிக்கிறவர் அவர் ஒருவர்தான். நாங்கள் கேலி செய்வோம், படித்து முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள் மாப்பிள்ளை என்று. அவரும் சிரித்துக்கொள்வார். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து என் தங்கை உண்டாகியிருந்தாள்.

ஒரு நாள் பகலில் அவள் வீட்டில் தனியாக இருக்கும்போது வலி எடுத்துவிட்டது, நாள் இருக்கும்போதே. அவள் அலுவலகத்துக்கு அடித்தாள். அக்கா அப்போது முதலாளி அறையில் இருந்தாள். மாப்பிள்ளை மேடையில் நின்று சரக்கு எண்ணிக்கொண்டிருந்தார். இதோ எடுத்துவிடுவார், இதோ எடுத்துவிடுவார் என்று அவள் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீ சொன்ன மாதிரியேதான் அண்ணா செஞ்சேன். அஞ்சு ரிங்குல வெச்சு வெச்சு அடிச்சேன். அவரு எடுக்கவே இல்லண்ணா."

எனக்கு ஆத்திரம் வந்தது. மாப்பிள்ளை மேல்தான் வந்தது.

அம்மா அவரை நிற்கவைத்துக் கேட்டாள். "பொண்டாட்டி உசுருக்குப் போராடுறா. போன எடுக்க முடியாம அப்படி என்ன தலைபோற வேலை?"

"மேடைய விட்டு நான் நகரவே இல்ல அத்தை. போன் அடிக்கவே இல்ல. சத்தியமா அடிக்கல."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "போன்ல ஏதாச்சும் கோளாறா இருந்துச்சாப்பா?"

இல்லை என்றேன். காலையில்தான் சோதித்துப் பார்த்தேன், நன்றாக இருந்தது என்றும் சொன்னேன். தங்கை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சந்தேகமாகப் பார்த்தார் என்று நினைக்காதீர்கள். இந்த ஒரு ஆள் நம் பக்கம் பேசுவான் என்று எதிர்பார்க்கிற பார்வை அது. நான் தண்ணீர் வாங்கிவரப் போய்விட்டேன்.

அதன்பிறகு தங்கை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவர் வந்தால் கதவைத் திறக்க மாட்டாள். ஊரில் பேசாத வாய் இல்லை. நானும் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது.

அவர் ஒரு நாள் என் சுவிட்ச் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு நின்றார்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு அந்த போன் அடிக்கல. அது எனக்குத் தெரியும். முதலாளிகிட்ட சொல்லிட்டேன். திங்கக்கிழமை வெளியிலேருந்து ஆளுங்க வந்து போன் பெட்டியப் பாக்குறாங்க."

"என் வேலைய இன்னொருத்தன் வந்து பாக்கணுமா மாப்பிள்ளை?"

"உங்களக் குறை சொல்றதுக்கு இல்ல மச்சான். நான் எடுக்காம இருக்கலன்னு அவளுக்குத் தெரியணும். அவ ஒரே ஒரு தடவ என் மொகத்தப் பாத்தாப் போதும். அதுக்கு மேல எனக்கு எதுவும் வேணாம்."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. பார்க்கட்டும், நல்லதுதானே என்றேன்.

சனிக்கிழமை அரைநாள்தான் வேலை. மதியத்துக்குமேல் எல்லோரும் போய்விடுவார்கள். மாப்பிள்ளை மட்டும் குளிரறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். அந்தக் கதவை உள்ளேயிருந்து தள்ளித் திறக்கும் கம்பி உடைந்துபோயிருந்தது. புதுசு வரும்வரை, உள்ளே போகிறவர்கள் கதவிடுக்கில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று அவரே எழுதி ஒட்டியிருந்தார். அன்றைக்கும் கட்டையைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

கட்டையை நான் எடுத்தேன். கதவு தன் கனத்தில் தானே சாத்திக்கொண்டது. கட்டையைச் சுவரோரமாக, யார் காலிலும் தட்டாத இடத்தில் வைத்தேன்.

பிறகு சுவிட்ச் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். அங்கே ஒவ்வொரு போனுக்கும் ஒரு சின்ன விளக்கு உண்டு. குளிரறை விளக்கு எரிந்தது. ஆளில்லாத மேடையில் மணி அடிப்பது சுவர் வழியாகக் கேட்டது. எட்டு ரிங் அடித்தால் காவலாளி அறைக்குத் தாவிவிடும். காவலாளி அங்கேதான் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். எடுத்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் ஓடிவந்து திறந்திருப்பான்.

ஐந்தாவது ரிங்கில் விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தது. மறுபடி ஐந்தில் அணைந்தது. அவருடைய தலைக்கு நேர் மேலே நான் ஒட்டிய தாள் இருந்தது. அதை அவர் எத்தனை தரம் படித்திருப்பாரோ.

ஒருமுறை மட்டும் ஆறாவது ரிங் அடித்தது. நான் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன். ஏழாவதும் அடித்தது. பிறகு அணைந்தது. விதியை மீறிவிட்டோமே என்று நினைத்திருப்பார், அவர் சுபாவம் அப்படி. அடுத்த தடவை சரியாக ஐந்தில் வைத்துவிட்டார்.

இடைவெளி கூடிக்கொண்டே போயிற்று. கடைசியாக ஒரு ரிங் வந்தது. அது பாதியில் நின்றது. வெளிச்சம் சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். விளக்கு எரியவில்லை. அந்த எண்ணை எட்டிலிருந்து நாலாக்கினேன். கட்டையைப் பழைய இடத்துக்குப் பக்கத்தில், தானாக நழுவியதுபோல் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அவர் வராததை யாரும் தேடவில்லை. அவருக்காக வீட்டில் காத்திருக்க ஆள் இல்லையே.

என் தங்கை கூப்பிட்டபோது எடுக்காத மனுஷருக்கு, கூப்பிட்டு யாரும் எடுக்காவிட்டால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டாமா. கூடப்பிறந்தவன் என்று நான் ஒருத்தன் எதற்கு இருக்கிறேன். அதற்காகத்தான் செய்தேன். இதை நீங்கள் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள்.

ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வரியைத் திருத்த வேண்டும். 'கொலை செய்யும் நோக்கத்தோடு சனிக்கிழமை அந்த எண்ணை எட்டாக உயர்த்தினேன்' என்று போட்டிருக்கிறீர்கள். அது தப்பு. சனிக்கிழமை நான் எதையும் உயர்த்தவில்லை. என் தொழிலில் தப்பாக ஒன்று எழுதப்பட்டால் எனக்குப் பொறுக்காது.

அது முதலிலிருந்தே நாலுதான். முன்மேசை அக்காவுக்கு முழங்கால் வலி. எழுந்து வருவதற்குள் அழைப்பு தாவிவிடுகிறது, முதலாளி திட்டுகிறார், கொஞ்சம் கூட்டிவைத்துக் கொடு தம்பி என்று கெஞ்சினாள். இரக்கப்பட்டு எட்டாக்கினேன். புகாரெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்த அன்றைக்கே எனக்குக் காரணம் விளங்கிவிட்டது. திரும்ப நாலாக்க ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் முதலாளி அத்தனை பேர் முன்னால் என்னை அப்படிக் கேலி செய்த பிறகு, அது என் கைவேலைதான் என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது. மாற்றினால் நேரம் குறைந்தது தெரிந்துவிடும், ஏன் என்று கேட்பார்கள். அதனால் தாள் ஒட்டினேன். என் தங்கை அடித்த அன்றைக்கும் அது எட்டாகத்தான் இருந்தது. அவள் வைத்ததோ ஐந்தில்.

ஆமாம், சார். மேடையில் அன்றைக்கு மணி அடித்திருக்க வழியே இல்லை. மாப்பிள்ளை சொன்னது உண்மைதான்.

இதைக் கோர்ட்டில் படிக்கும்போது அந்த ஒரு பகுதியை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். என் தங்கை இன்னும் அவர் எடுக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அழுகை வரும்போதெல்லாம் அதை நினைத்துத்தான் மனசைத் தேற்றிக்கொள்கிறாள். அந்த ஆறுதலையாவது அண்ணன்காரன் நான் அவளுக்குக் கொடுத்திருக்கிறேன்.