வெல்டிங் போர்வைக்குள் போன வள்ளிக்கிழங்கு

நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்காமல் என் முகத்தில் பார்த்துக்கொண்டிருக்கும் அவைத் தலைவர் முலெங்கா அவர்களே! நெருப்போடு நித்தமும் நேருக்கு நேர் நிற்கும் கிட்வே நகர வெல்டர் பெருமக்களே! பொத்தல் விழுந்த எங்கள் சட்டைகளைத் துவைத்துத் துவைத்துக் கை சிவந்த தாய்மார்களே! வணக்கம்.

எஃகு எப்போது உடைகிறது? இளகியிருக்கும்போதா? இல்லை, இறுகியிருக்கும்போது! குரோமியம் கலந்த கொதிகலன் எஃகை வெல்டிங் செய்தால், அந்த இடம் சட்டென்று ஆறி விறைத்துக்கொள்கிறது. கடினம் உண்டு, தாங்கும் குணம் இல்லை. சூடேற்றும் மின்பட்டையோடு நெருப்பு தாங்கும் போர்வை சுற்றி, எழுநூற்று இருபது டிகிரிக்கு மெல்லச் சூடேற்றி, இரண்டு மணி நேரம் அதே சூட்டில் வைத்து, மெல்ல ஆறவிட வேண்டும். வீம்பு கொஞ்சம் குறையும், உடையாத உறுதி வந்து சேரும். (என்னம்மா சிரிப்பு? உங்கள் வீட்டுக்காரருக்கும் செய்யலாம்தான். அத்தனை பெரிய போர்வை என்னிடம் இல்லையே!)

நான் பெம்பா குலத்தான். வெல்டர் லெவிசன் ஷாவா ங்கோனி குலத்தான். முறைமச்சான்களைப் போல இரு குலத்தாரும் கேலி பேசலாம், கோபிக்கக் கூடாது. அவர்களை நாங்கள் எலி தின்னி என்போம், எங்களை அவர்கள் குரங்கு தின்னி என்பார்கள். ஆகவே நான் சொல்லும் எதையும் அவன் நம்பியதே இல்லை. அங்கேதான் வந்தது வினை!

போன ஜூனில் ஷாவாவுக்குக் கொதிகலன் வெல்டர் தேர்வு. இரண்டே வாய்ப்பு. இரண்டும் போனால் வேலையும் போகும். பற்றவைத்ததைச் சூடேற்றி ஆறவிடுவது என் வேலை; அவன் பற்றவைத்த தகட்டுக்கு நான் போர்வை சுற்றினேன்.

"எலி தின்னி, போர்வையில கை வைக்காத. தகடு உடைஞ்சிரும்!"

"போடா குரங்கு தின்னி! கதை விட வேற ஆளப் பாரு."

நான் ன்ஷிமா, அதாவது மக்காச்சோளக் களி, சாப்பிடப் போன நேரத்தில், போர்வையைத் தூக்கி, சுட்டுத் தின்ன நான்கு வள்ளிக்கிழங்குகளைச் செருகிவிட்டான்! இடுக்கு வழியே சூடெல்லாம் வெளியேறியது, நானூறு டிகிரியைத் தாண்டவில்லை. கிழங்கு கரியானது. தகடோ விறைப்பு மாறாமல் கிடந்தது. தேர்வாளர் நமுகோலோ அம்மையார் அதை அழுத்து எந்திரத்தில் வைத்து வளைத்தார். படார்! இரண்டு துண்டு!

விடுவோமா பெம்பாக்கள்? துண்டுகளைப் பெட்டியில் கிடத்தி, தரையில் புரண்டு ஒப்பாரி வைத்தோம். "ஐயோ, முந்தாநாள் பொறந்து இன்னைக்குப் போயிட்டியே!" பட்டறையே சிரித்தது. ஷாவா சிரிக்கவில்லை.

"இன்னும் ஒரே தடவதான்டா பாக்கி" என்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இரண்டாவது தகடு. திட்டினால் கேலி என்பான், கெஞ்சினால் நடிப்பு என்பான். என்ன செய்வேன்? தொப்பியைக் கழற்றினேன். பெரியவர்கள் முன் செய்வதுபோல் குந்தி, மெல்லக் கை தட்டினேன்.

"ஷாவா ஐயா, தயவுசெஞ்சு போர்வையத் தொடாதீங்க."

அவனுக்கு வேர்த்துவிட்டது. "யாருடா செத்தா?"

"யாரும் இல்லீங்க ஐயா."

"ஐயாவா? பயமா இருக்குடா! ஒரு தடவ திட்டுடா!"

"மாட்டேங்க."

தகடு ஆறும்வரை இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு அழுத்து எந்திரம் இறங்கியது. தகடு வளைந்தது, வளைந்தது, குதிரை லாடமாய் வளைந்தது! மயிரிழை விரிசல் இல்லை! அம்மையார் கையெழுத்துப் போட்டார்; ஷாவா என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன், ஒப்புக்கொள்கிறேன்.

தோழர்களே! நாள் முழுதும் கேலி பேசுங்கள், நானும் பேசுவேன். ஆனால் நண்பனின் பிழைப்பு நெருப்பில் இருக்கும்போது ஒரு நிமிடம் தொப்பியைக் கழற்றுங்கள்! அவன் உங்களை நம்பட்டும்! பொறுமையாகக் கேட்ட உங்கள் அத்தனை பேருக்கும் நன்றி, வணக்கம்.