இரண்டு ஒயர் போன வீடு

மழை நாளில் டிவியில் புள்ளி அடித்தால் எல்லாரும் கேபிள்காரனைத்தான் வைவார்கள் சார். முக்கால்வாசி நேரம் குற்றம் அவரவர் வீட்டுக்குள்ளேயே இருக்கும். டிவிக்குப் பின்னால் செருகியிருக்கிற பின் லேசாகக் கழன்றிருக்கும். அதைக் கொஞ்சம் அழுத்தித் திருகினால் படம் கண்ணாடி மாதிரி வந்துவிடும். உங்கள் வீட்டிலும் சொல்லி வையுங்கள்.

என் பெயர் உபைத். லப்பைக்குடிகாட்டில் கேபிள் நடத்துகிறேன். செல்லதுரையின் கண்ட்ரோல் ரூமுக்குத் தீ வைத்தது யார் என்று விசாரிக்கத்தான் கூப்பிட்டீர்கள். அதில் என் கை படவில்லை. அந்த நேரத்தில் நான் கபர்ஸ்தானில் என் தங்கச்சி மகளுக்கு மண் தள்ளிக்கொண்டிருந்தேன், ஊரே பார்த்தது. ஆனால் நீங்கள் மேசை மேல் ஒரு பிலிம் டப்பாவை வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காத மாதிரி பேசுகிறீர்கள். என் தங்கச்சி கொடுத்திருப்பாள். அதற்கும் வருகிறேன். முறைப்படி சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருப்பார். அங்கே அவர்கள் பார்க்கிற சேனல் இங்கே அவர்கள் வீட்டிலும் தெரிந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தவன் நான்தான். தொண்ணூற்றேழில் மொட்டை மாடியில் பெரிய டிஷ் ஒன்றைப் போட்டு, அதைத் திருப்பித் திருப்பி ஒரு அரபு நாட்டுச் சேனலைப் பிடித்தேன். சாயந்தரம் அசர் தொழுகை முடிகிற நேரத்துக்கு அதில் கார்ட்டூன் ஓடும். படம் ஜப்பான்காரன் வரைந்தது. கண் முட்டை அளவு, மூக்கு புள்ளி அளவு. பேச்சு மட்டும் சுத்த அரபி.

அரபி காதில் விழுந்ததும் பெண்கள் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். மேலத்தெரு ஹமீதம்மாள் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார். லீவில் வந்திருந்த அவர் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். "எம்மா, அவன் ஒண்ணும் ஓதலம்மா. குதிரைக்குப் புல்லு போடச் சொல்றான்" என்றான். "எதைச் சொன்னா என்னடா, அரபிதானே" என்று சொல்லிவிட்டு ஹமீதம்மாள் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து நான் வெறும் கேபிள்காரன் இல்லை. டீக்கடைக்குப் போனால் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுவார்கள். பள்ளிவாசல் வாசலில் பெரியவர்கள் முதலில் ஸலாம் சொல்வார்கள். என்னைப் பெற்ற அத்தாவுக்கு அந்த ஊரில் யாரும் எழுந்து நின்றதில்லை. எனக்கு நின்றார்கள். அதை விட முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

போன வருஷம் செல்லதுரை வந்தான். அரியலூர்க்காரன், சிரித்த முகம், யாரைப் பார்த்தாலும் வாங்க போங்க என்பான். இருபத்துநாலு மணி நேரமும் ஜப்பான் கார்ட்டூன் மட்டுமே ஓடுகிற சேனல் ஒன்றை அவன் கொண்டுவந்தான். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, "சிங்கப்பூர்ல பாக்குறாங்க, மலேசியாவுல பாக்குறாங்க, இப்ப ஒங்க வூட்டுலயும் பாருங்க" என்று தெருத்தெருவாகக் கத்தினான். நானும் ஏஜென்ட்டிடம் போய்க் கேட்டேன். வட்டாரத்துக்கு ஒருவருக்குத்தான் தருவேன், செல்லதுரை முந்திவிட்டார் என்று சொல்லிவிட்டார்.

பிறகு ஊர்ப் பிள்ளைகளைப் பார்க்கணுமே நீங்கள். இரண்டு கையையும் பின்னால் நீட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து தெருவில் ஓடினார்கள். எது கேட்டாலும் "நானி?" என்றார்கள். ஜப்பானில் அதற்கு 'என்ன' என்று அர்த்தமாம். மதரஸாவில் ஹஜ்ரத் பாடம் கேட்டபோது ஒரு பயல் அப்படிச் சொல்லிப் பிரம்படி வாங்கினான். சிரிக்காதீர்கள் சார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் ஒயர் கறுப்பு. அவனுடையது வெள்ளை. நான் நிமிர்ந்த தலையோடு நடக்க ஆரம்பித்தது அப்போதுதான். எந்த மாடியில் வெள்ளை இறங்குகிறது, எந்தச் சன்னலில் நுழைகிறது என்று பார்த்துக்கொண்டே போவேன். என்னைப் பார்த்ததும் சட்டென்று பேச்சை மாற்றுகிறவர்களைப் பார்த்தேன். ஸலாம் சொல்லிவிட்டுக் கண்ணைத் தாழ்த்துகிறவர்களைப் பார்த்தேன். எனக்குத் தெரியக் கூடாது என்று முருங்கைமரத்து வழியாக ஒயரை உள்ளே இழுத்தவர்கள்கூட உண்டு. பந்தல் கொடி மாதிரித் தெரியட்டும் என்று அதில் பச்சைப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார் ஒருவர். ஒருவரையும் நம்ப முடியவில்லை.

கடைசியில் என் தங்கச்சி மெகராஜ் வீட்டிலேயே வெள்ளை ஒயர் இறங்கியது. அவள் கணவர் அப்துல் லத்தீப் ரியாத்தில் இருக்கிறார். ஒரே பிள்ளை, ருமைசா. இரண்டாம் வகுப்பு.

"கோவிச்சுக்காதண்ணே" என்றாள் மெகராஜ். "ஒன் ஒயர எடுக்கல. புள்ள அழுவுது, அதான் அதையும் சேத்துப் போட்டேன்."

ஊரில் இரண்டு ஒயர் போன வீடு அது ஒன்றுதான். டிவிக்குப் பின்னால் கறுப்பும் வெள்ளையும் தொங்கும். எது வேண்டுமோ அதைச் செருகிக்கொள்ள வேண்டும். ருமைசாவுக்கு எந்நேரமும் வெள்ளைதான். ஆனால் என் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் ஓடிப்போய் வெள்ளையைப் பிடுங்கிவிட்டுக் கறுப்பைச் செருகுவாள். "மாமா வந்தா மாமா ஒயரு" என்பாள். நான் பழக்கிக் கொடுக்கவில்லை. அவளாகவே செய்தாள்.

ஜப்பானில் ஒரு தடவை கார்ட்டூனில் வெளிச்சம் வெட்டி வெட்டி வந்ததில் நிறையப் பிள்ளைகள் வலிப்பு வந்து விழுந்தார்கள் என்று பேப்பரில் எப்போதோ படித்திருந்தேன். பொய் இல்லை, வந்த செய்தி. அதை டீக்கடையில் சொன்னேன். கேட்டுவிட்டு ஒருத்தர், "ஏம்ப்பா உபைது, ஒன் அரபிப் படமும் அதே ஜப்பான்காரன் போட்டதுதானப்பா, அதப் பாத்து எந்தப் புள்ள வுளுந்துச்சு?" என்று கேட்டார். கடையே சிரித்தது. சாட்சி இல்லாமல் சொன்னால் எதுவும் எடுபடாது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இப்போது டப்பாவுக்கு வருவோம்.

ருமைசாவுக்குக் கைக்குழந்தையிலிருந்தே வலிப்பு உண்டு. அது மெகராஜுக்கும் மச்சானுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். பெண் பிள்ளை. வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்? "மச்சான், நம்ம ஊர்லயோ பெரம்பலூர்லயோ மருந்து வாங்கிடாதீங்க, எவனாவது பாத்துருவான்" என்று அப்துல் லத்தீப் போனில் கெஞ்சுவார். அதனால் நான்தான் திருச்சி போய் மாத்திரை வாங்கி வருவேன். அட்டையைப் பார்த்தால் பெயர் தெரிந்துவிடும் என்று பஸ் ஸ்டாண்டிலேயே ஒவ்வொன்றாகப் பிதுக்கி இந்தப் பிலிம் டப்பாவில் போட்டுக்கொள்வேன். தினமும் ஒன்று. அதை ஒழுங்காகச் சாப்பிட்டதால், பள்ளிக்கூடம் சேர்ந்ததிலிருந்து அவளுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டால் சத்து மாத்திரை என்று சொல்வோம்.

போன மாதம் நான் சத்து மாத்திரையே வாங்கி வந்தேன்.

அதே வெள்ளை, அதே அளவு. ஊருக்கு நாங்கள் சொல்லிவந்ததை மெய்யாக்கினேன், அவ்வளவுதான். "மாமா, இந்தத் தடவ மாத்திரை இனிக்குது" என்றாள் ருமைசா. நல்லதுதானேம்மா என்றேன். இன்னொன்று கேட்டாள். ஒன்றுக்கு மேல் கொடுக்கவே கூடாது என்று மெகராஜிடம் கண்டிப்பாகச் சொன்னேன். மருந்து விஷயத்தில் நான் கறார்.

நான் அவளுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. சின்னதாக ஒரு தடவை வரட்டும், நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான் இருந்தேன். முன்பெல்லாம் வந்தால் கொஞ்ச நேரம் வெட்டிவிட்டுத் தூங்கிவிடுவாள், எழுந்ததும் பால் கேட்பாள். அப்படி எழுந்ததும் பழைய மாத்திரையைத் தொடங்கிவிடலாம். அதுவும் என் சட்டைப் பையிலேயே இருந்தது. நாள் தவறாமல் சாயந்தரம் தங்கச்சி வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். "இப்பத்தான் ஒனக்குத் தங்கச்சி ஞாவகம் வந்துச்சா" என்று மெகராஜ் சந்தோஷப்பட்டாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அன்றைக்கு நான் போனபோது மெகராஜ் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். ருமைசா வழக்கம்போல ஓடிப்போய் என் ஒயரைச் செருகினாள். அரபியில் பந்து விளையாடுகிற படம். அதில் வருகிற பையன் உதைத்த பந்து வானத்தில் போய்க்கொண்டே இருந்தது, கீழே வரவே இல்லை. "எப்பதான் மாமா வரும்?" என்று கேட்டுக்கொண்டே விழுந்தாள்.

நான் எழுந்தேன். டிவிக்குப் பின்னால் போனேன். கறுப்பைப் பிடுங்கி வெள்ளையைச் செருகினேன். தொழில்காரன் கை, நேரம் ஆகாது. கறுப்பு ஒயரைச் சன்னலுக்கு வெளியே தள்ளிவிட்டு அதன் பிறகு சத்தம் போட்டேன்.

ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. செல்லதுரையின் லைன் கீழத்தெரு வழியாக வருகிறது. அங்கே அன்றைக்குக் கரண்ட் இல்லாமல் அவனுடைய ஆம்ப்ளிஃபயர் ஓடவில்லை. வெள்ளையில் படமே வரவில்லை. உஸ்ஸென்ற சத்தத்தோடு வெறும் புள்ளி. ஓடிவந்த சனங்களுக்கு அது போதுமாக இருந்தது. "யா அல்லா, பாரு பாரு, அந்த வெளிச்சம் வெட்டுறதப் பாரு" என்று அலறினார்கள். அணைக்கக்கூட ஒருவரும் கிட்டே போகவில்லை. உபைது அப்பவே சொன்னானே என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. கையில் இரும்பு கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்றார்கள். என் இடுப்பில் இருந்த கட்டிங் பிளேயரைக் கொடுத்தேன். சின்னக் கை, பிடிக்கவில்லை.

மெகராஜ் துணியோடு இறங்கி வந்தாள். மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவ்வளவு பேர் நிற்கிறார்கள். நான்தான் கேட்டேன்.

"இதுக்கு முன்னாடி இப்பிடி வந்துருக்கா மெகராஜ்?"

அவள் சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். "இல்லண்ணே" என்றாள். "இன்னைக்குத்தான்."

யாரோ வேன் கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை சீக்கிரம் நிற்கவில்லை. வெட்டி ஓயும், மறுபடி தொடங்கும். மாத்திரை என் பையில்தான் இருந்தது. ஆனால் அக்கம்பக்கத்துக்காரர்கள் வேனில் எங்களோடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், எப்படி எடுப்பது? குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறதே. திருமாந்துறை தாண்டும்போது அடங்கினாள். அப்பாடா, நின்றுவிட்டது என்று எல்லாரும் மூச்சு விட்டார்கள். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டுக் காதிலிருந்து கழற்றினார்.

மறுநாள் நாங்கள் கபர்ஸ்தானில் இருந்தபோது பிள்ளையைப் பறிகொடுத்த கோபத்தில் இளவட்டங்கள் போய்த் தீ வைத்தார்கள். யார் யார் என்று என்னிடம் கேட்காதீர்கள், நல்ல பையன்கள். செல்லதுரை மிஷினைக் காப்பாற்ற உள்ளே போய்க் கையைச் சுட்டுக்கொண்டான். திரும்பி வரும்போது தெருவெல்லாம் அறுத்துப் போட்ட வெள்ளை ஒயர். காலில் இடறியது. யாரும் விழுந்துவிடக் கூடாதே என்று நான் சுருட்டி ஓரமாக வைத்தேன். அன்றைக்குப் பள்ளிவாசலில் எல்லாரும் எழுந்து நின்று என் கையைப் பிடித்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு செல்லதுரை உங்களிடம் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். 'அன்னைக்கு என் லைன்ல படமே ஓடலையே சார், அப்புறம் எதைப் பாத்து வுளுந்துச்சு?' அது நியாயமான கேள்விதான். டிவிக்குப் பின்னால் போய்ப் பார்க்க ஊரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

மெகராஜும் நேற்று என் வீட்டுக்கு வந்தாள். இந்த டப்பாவைத் திறந்து, மீதி இருந்ததில் ஒன்றை எடுத்துத் தன் வாயில் போட்டாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மென்றாள்.

"இனிக்குதேண்ணே" என்றாள்.

அதற்கு மேல் என்ன மறைப்பது. மாத்திரையை மாற்றியது நான்தான். தெரிந்தேதான் மாற்றினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ருமைசா மேல் எனக்குப் பாசம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. அவள் எனக்காக என் ஒயரைச் செருகினாள். நான் என் ஒயரைப் பிடுங்கிவிட்டு, கடைசி நேரத்தில் அவளுக்குப் பிடித்த சேனலைத்தான் வைத்தேன். ஒயரின் பின்னைக்கூட நன்றாக அழுத்தித் திருகினேன். படம் வராதது செல்லதுரையின் குற்றம் சார். அதையும் சேர்த்து எழுதுங்கள்.