நார்மல்னு வந்தா நம்ம காசு

...பசைக்குத் தனியா நூத்தெண்பது போட்டிருக்கான் சார். தலையில ஒயர ஒட்டணும்னா பசை இல்லாம எதுல ஒட்டுவாங்க, எச்சில்லயா? டெஸ்டுக்குன்னு ஒரு காசு வாங்கியாச்சு. அப்புறம் பசைக்கு, பஞ்சுக்கு, துணைக்கு இருக்கறவன் உக்கார்ற நாற்காலிக்கு... சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கவுண்டர்ல கேட்டா "அதான் சார் ரூல்ஸு"ங்குது அந்தப் பொண்ணு. ரூல்ஸப் பத்தி எங்கிட்டயா? முப்பத்தொரு வருஷம் மெடிக்கல் இன்சூரன்ஸ் ஏஜெண்டா இருந்தவன் நான்.

உக்காருங்க. உங்க டோக்கன் எத்தன? பதினேழா, இப்பதான் பதிமூணு உள்ள போயிருக்கு. மூளை அலை டெஸ்டுக்கு எவ்ளோ ஆகும்னுதான கேட்டீங்க, ஒரே வார்த்தைல சொல்லிடறேன். எங்க வீட்டம்மாவுக்கு இது மூணாவது தடவ. உள்ள தலை கழுவிட்டு இருக்கா. அந்தப் பசை லேசுல போகாது.

என்ன வியாதின்னா... நான் பேசிட்டே இருப்பேன், திடீர்னு அப்படியே நின்னுடுவா. கண்ணு தொறந்திருக்கும், ஆளு இருக்க மாட்டா. கையில வெங்காயம் இருந்தா வெங்காயமும் கத்தியும் அப்படியே நிக்கும். மூணு தடவ கூப்பிட்டாலும் கேக்காது. நாலாவதுக்கு "ம்?"ங்குவா. எங்க ஆபீஸ் கேஷியர் பையனுக்கு இப்படித்தான் இருந்துது, கடைசில வலிப்புன்னுட்டாங்க. கீழ விழுந்து துடிக்கற வலிப்பு இல்ல, நின்ன எடத்துலயே கொஞ்ச நேரம் காணாமப்போற வகை. போன மாசம் ரோட்டக் கடக்கறோம், பாதில நின்னுட்டா சார். லாரிக்காரன் கத்தறான். நான் ஒண்ணும் பண்ணல, பஸ் கட்டணம் ஏறினதப் பத்திதான் சொல்லிட்டு வந்தேன். கையப் புடிச்சு இழுத்தேன். அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கம் கெடையாது.

மொதல்ல தெருமுனை லேப்ல, இருவது நிமிஷ டெஸ்டு. ஆயிரத்தி எரநூறு. நார்மல்.

ரெண்டாவது, தூங்க வெச்சு எடுக்கறது. ரெண்டாயிரத்தி அறநூறு. தூங்கறதுக்கு என்ன காசுன்னு கேக்காதீங்க, நானும் கேட்டேன். மொத நாள் ராத்திரி அவள முழிக்க வெக்கணும்னாங்க. அதுக்கு ஆள் வேணுமா, நான் இருக்கேனே. விடிய விடிய பேசினேன். மறுநாள் ஒயர ஒட்டினதும் குறட்டை விட்டா பாருங்க... அப்படி நிம்மதியாத் தூங்கற பேஷண்ட்ட பாத்ததே இல்லைன்னான் டெக்னீஷியன். அதுவும் நார்மல்.

மூணாவதுதான் இது. ஒரு நாள் பூரா படுக்க வெச்சு, தலையில ஒயரு, எதிர்ல கேமரா. இருவத்தெட்டாயிரம். டாக்டர் சொல்லல, நான்தான் "அட்மிட் பண்ணி எடுங்கம்மா"ன்னேன். ஏன்னா வந்துட்டுப் போற டெஸ்டுக்கு இன்சூரன்ஸ்ல தரமாட்டாங்க, படுக்க வெச்சாதான் தருவாங்க. எப்படி நம்ம மூளை?

ஆனா நேத்து பாலிசிய எடுத்துப் பாக்கறேன், ஒன்பதாம் பக்கத்துல பொடி எழுத்துல போட்டிருக்கான். வெறும் டெஸ்டுக்குன்னு படுத்தா, நோய் இருந்தாத்தான் அவங்க காசு. நார்மல்னு வந்தா நம்ம காசு. இந்தப் பாலிசிய எனக்கு வித்தவன் யாருங்கறீங்க? நான்தான். கஸ்டமர்கிட்ட அந்த ஒன்பதாம் பக்கத்த வேகமாத் திருப்பிடுவேன். பழக்க தோஷம், எனக்கும் திருப்பிட்டேன்.

இப்ப சொல்லுங்க, காலைல ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கறவன் என்னன்னு வேண்டிப்பான்? மனுஷ மனசு எவ்ளோ கேவலம் பாருங்க. அர நிமிஷம், அர நிமிஷம்தான், சின்னதா ஏதாச்சும் இருந்தாத் தேவலன்னு நெனச்சேன். அப்புறம் அந்த லாரி ஞாபகம் வந்துது. போகட்டும் இருவத்தெட்டாயிரம்னுட்டேன்.

ஆங், பட்டனப் பத்திச் சொல்ல மறந்துட்டேனே. துணைக்கு இருக்கறவங்க கையில ஒரு பட்டன் குடுப்பாங்க. அவ நின்னு போறப்பல்லாம் நாம அமுக்கணும். அப்ப அலை எப்படிப் போவுதுன்னு பாப்பாங்களாம். நான் நாப்பத்தோரு தடவ அமுக்கினேன்.

இப்பதான் டாக்டரம்மா கூப்பிட்டாங்க. "நாப்பத்தோரு தடவையும் அலை சுத்தமா இருக்கு சார். அவங்க முழிச்சுத்தான் இருந்தாங்க"ன்னாங்க. அப்புறம், "மூணுலேர்ந்து நாலரை வரைக்கும் ஒரு தடவகூட அமுக்கலையே, எங்க போயிருந்தீங்க?"ன்னாங்க. எங்க போவேன், பசைக்கு ஏன் தனிக் காசுன்னு கவுண்டர்ல சண்ட போடத்தான். அந்த நேரத்துப் படத்த ஓட்டிக் காட்டினாங்க.

கட்டில்ல சம்மணம் போட்டு உக்காந்திருக்கா சார். தல பூரா ஒயரு. எதிர்ல நர்சுப் பொண்ணு. இவ கைய ஆட்டி ஆட்டி என்னமோ சொல்றா, அது வயித்தப் புடிச்சிட்டு சிரிக்குது. இவளும் சிரிக்கறா. முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கேன், அந்தச் சிரிப்ப நான் பாத்ததில்ல. ஒன்றரை மணி நேரம். ஒரு தடவகூட நிக்கல.

"சத்தத்த கொஞ்சம் கூட்டுங்கம்மா"ன்னேன். டாக்டர் கூட்டல. "அது அவங்க பேசிக்கிட்டது சார்"ன்னாங்க. காசு கட்டினவன் நான். என்ன பேசினான்னு கேக்க எனக்கு வழியில்ல. வீட்டுல கேக்கறதுன்னா இலவசம்தான். ஆனா அங்க நான்...

சார்? சார்.

இந்தப் பார்வை எனக்குத் தெரியும் சார். கையில அந்தப் பட்டன் இருந்தா இப்ப அமுக்கியிருப்பேன்.

பத்தொம்பதா கூப்பிடறாங்க? உங்களது பதினேழு இல்ல? எப்ப போச்சு? ஒரு வார்த்த சொல்லக்கூடாதா நீங்க... சொல்ல நான் எங்க விட்டேன். ஓடுங்க, கெஞ்சினா விட்டுருவாங்க. பசைக்கு மட்டும் ரசீது கேட்டு வாங்கிக்குங்க... போயிட்டாரு.

வந்துட்டியா. பசை போச்சா? காதோரமா இன்னும் ஒட்டிட்டிருக்கு பாரு, இரு தொடச்சு விடறேன். ஒண்ணுமில்லயாம், நல்லாருக்கியாம். இல்லம்மா, யாருகிட்டயும் பேசல, சும்மா ஒருத்தர்கிட்ட ரெண்டு வார்த்த. ஆமா, நேத்து அந்த நர்சுப் பொண்ணுகிட்ட என்ன சொல்லிட்டிருந்த? சொல்லேன். வீடு போற வரைக்கும் நீயே சொல்லு, நான் வாயே தொறக்கல.

ம்.

ம்... பசையப் பத்தியா? தலையில பசையோட கண்ணாடியப் பாத்தியா, சரி, அப்புறம்? இல்ல, ஒரே ஒரு நிமிஷம், பசைன்னதும் ஞாபகம் வருது, அதுக்குத் தனியா நூத்தெண்பது போட்டிருக்கான், அது எந்தக் கணக்குன்னு கேட்டா அந்தக் கவுண்டர் பொண்ணு...

இந்தா. இந்தாம்மா. படியில நிக்காத, காலப் பாத்து வை.