கோல்மார் ஏன் தேறல

நல்லாத் தேடுங்கம்மா. பிடரியத் தூக்கி, அடி வரைக்கும் விரல விட்டுப் பாருங்க. வாலையும் பாருங்க, கோல்மார் உதைக்க மாட்டான். நீங்க பல் டாக்டரு, பல்லப் பாத்தப்ப நான் குறுக்க பேசல. ஆனா பத்து நிமிஷமா அந்தப் பிடரியிலயே நிக்கிறீங்களே, என்னத்தத் தேடுறீங்க?

சொறியா? யாரு சொன்னா?

ஓ, லோரென்சனா. அப்படிச் சொல்லுங்க. வெவரமானவங்கதான் நீங்க. இந்த ஜூலை மாசத்துல எங்க ஆத்தோரச் சதுப்புல பொடிக்கொசு மொய்க்கும். கோடைச்சொறி ரத்தத்துல குட்டிக்கும் எறங்குற சீக்கு. அது இருக்குற குதிரைன்னா இந்நேரம் வேலிக்கட்டையில தேச்சுத் தேச்சுப் பிடரி மொட்டையாயிருக்கும், தோலெல்லாம் புண்ணாயிருக்கும். அதத்தான் தேடுறீங்க.

லோரென்சன் நல்ல மனுஷன். பொலிகுதிர தேர்வுக்குழுவுக்கு அவருதான் தலைவரு. இருபத்தாறு வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி எங்களுக்கு. குழுவுல பேசினது குழுவோட போகணும்னு அவருதான் எல்லாருக்கும் சொல்லுவாரு. இப்ப வயசாச்சு, வாய் நிக்கல போல.

நீங்க ஹாம்பர்க்லருந்து குதிர வாங்க வந்தவங்க. ஏறி ஓட்ட ஒரு குதிர கெடச்சாப் போதும் உங்களுக்கு. எங்க கத வேற. நவம்பர்ல ரெண்டர வயசு ஆண்குட்டிங்கள ஹால்ல அவுத்து விட்டு ஓட வைப்போம், தாண்ட வைப்போம். அப்புறம் ஒரே வார்த்த. தேறுச்சு, இல்ல தேறல. தேறினா அது பொலிகுதிர. அதோட ரத்தம் நாடு பூரா போகும், வளத்தவன் பேரு புஸ்தகத்துல ஏறும். தேறலைன்னா காயடிச்சிர வேண்டியதுதான். எங்க ஹோல்ஸ்டைன் பக்கம் குதிர வளக்குறவனுக்கு ஒண்ணு தேறிட்டா மகன் பொறந்ததவிடப் பெரிய விசேஷம். சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்.

நானா? நான் பதினோரு குட்டி கொண்டு போனேன். பதினொண்ணும் தேறல. சொந்தக் குதிரையோ, வீட்டாள் குதிரையோ வந்தா, முடிவு பேசறப்ப குழு ஆளு எந்திரிச்சு வெளிய போயிரணும். அது சட்டம். பதினோரு தடவ அந்த நடைபாதையில காப்பி மெஷின் பக்கத்துல போய் நின்னுருக்கேன். திரும்பி உள்ள வந்தா யாரும் என் மொகத்தப் பாக்க மாட்டானுங்க, அதுலயே தெரிஞ்சிரும். ஊரான் குதிரைக்கெல்லாம் மார்க்குப் போடுறான், தன் லாயத்துல ஒண்ணுக்கு வக்கில்லைன்னு பியர் குடிக்கிற எடத்துல பேசுவானுங்க. காதுல விழுற மாதிரியேதான் பேசுவானுங்க.

அப்புறம் ஹெனிங், என் மகன். அவனுக்கு அப்ப இருபத்து நாலு. எங்க பொட்டக் குதிர ஊர்சினாவுக்குப் பிரெஞ்சு ரத்தம் போடணும்னான். உள்ளூர் ரத்தமே போதும்டான்னேன். கேக்கல. சங்கக் கூட்டத்துல எல்லாரும் இருக்கறப்ப, பிரான்சுக்காரன்கிட்ட போனா குட்டி வராதுடா, சீஸுதான் வரும்னேன். எல்லாரும் சிரிச்சானுங்க. அவன் காது செவந்துருச்சு. ஆனா போட்டான். இவன் பொறந்தான்.

மூணாம் நாளே எனக்குத் தெரிஞ்சிருச்சும்மா. இவன் தேறுற ரகம்னு. காலு கொஞ்சம் நீளம்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன்.

அந்த நவம்பர்ல இவன் தாண்டுனதப் பாத்திருக்கணும் நீங்க. கடசிக் கட்டையத் தாண்டறப்ப ஹாலே மூச்சுப் பிடிச்சிட்டு நின்னுச்சு. பின்னாடி ஒருத்தன், யாரு வீட்டுதுன்னு கேட்டான். இன்னொருத்தன், ஹெனிங் வீட்டுதுன்னான். ஹெனிங் வீடாம்! அந்த லாயத்துக்குக் கல்லு சொமந்தவன் நான். லோரென்சன் என் தோள்ல கையப் போட்டு, பரவாயில்ல ஹார்ம், உனக்கு வாய்க்கலைன்னாலும் உன் பையனுக்கு வாய்ச்சிருச்சுன்னாரு. நல்ல மனசோடதான் சொன்னாரு. எனக்குத்தான் வயிறு எரிஞ்சுது. பெத்த மகன் மேல வயிறு எரியுமான்னு கேட்டீங்கன்னா, எரியும். அடுத்த வீட்டுக்காரன் மேல எரியறதவிட நல்லாவே எரியும்.

அப்புறமென்ன, தேறல. மைக்குல ஒரே வார்த்த, அவ்வளவுதான். காரணமெல்லாம் சொல்ல மாட்டாங்க. ஹால்ல பாதிப் பேரு விசிலடிச்சு ரகள பண்ணுனாங்க. ஹெனிங் கயித்தப் பிடிச்சிட்டு அப்படியே நின்னான். ஏம்ப்பான்னு கேட்டான். வீட்டுக்கு வர்ற வழியில சொன்னேன், பின்னங்கால் வீக்காம்டா, குழு சொல்லுதுன்னு. அவன் அத நம்பிட்டான். டிசம்பர்ல காயடிச்சான். வசந்தத்துல ஊர்சினாவ வித்தான், அப்புறம் மத்ததுங்கள. இப்ப பால் லாரி ஓட்டுறான். இவன் ஒருத்தன்தான் மிச்சம், இவனையும் உங்களுக்குக் குடுக்கறான். ஏன்டா விட்டுட்டன்னு ஒருநாள் கேட்டதுக்கு, எனக்கு அந்தக் கண்ணு இல்லப்பா, பின்னங்காலே எனக்குத் தெரியலையேன்னான். தட்டுல இருந்த உருளக்கெழங்கக் குத்திக்கிட்டே சொன்னான், என்னப் பாக்கக்கூட இல்ல.

பின்னங்காலா? ஒரு கொறையும் இல்ல. நீங்கதான் ஓட்டிப் பாத்தீங்களே.

சொறியும் இல்ல. தேடுனது போதும், கைய எடுங்க. இவன் ஒருநாள்கூடத் தேச்சுக்கிட்டதில்ல, இவன் ஆத்தாளும் இல்ல. அந்த நவம்பர்ல இவனுக்காக நான் நடைபாதையில நின்னப்ப லோரென்சன் காப்பி எடுக்க வந்தாரு. குதிர உங்க வீட்டுல வளந்தது, நாங்க தெரிஞ்சிக்க வேண்டியது ஏதாச்சும் உண்டா ஹார்ம்னு ஒரு பேச்சுக்குக் கேட்டாரு. சும்மா இல்லன்னு சொல்லியிருந்தா முடிஞ்சது. கோடையில அரிப்பு உண்டு, ஆத்தாளுக்கும் உண்டுன்னு சொன்னேன். கொசு இல்லாத நவம்பர்ல எந்தக் கொம்பனும் அதக் கண்டுபிடிக்க முடியாது. பாதிக் காப்பிய வச்சிட்டு என்னக் கட்டிப் பிடிச்சிக்கிட்டாரும்மா. வேற எந்த அப்பனும் இத வாயத் தொறந்து சொல்லமாட்டான்னாரு. இன்னைக்கும் புதுசா குழுவுக்கு வர்றவனுக்கெல்லாம் என்னக் கைகாட்டி, நேர்மைன்னா இந்த ஆளப் பாருங்கடான்னுதான் சொல்றாரு.

அந்தா, ஹெனிங் பேப்பரெல்லாம் எடுத்துட்டு வர்றான். இவ்வளவு நேரம் என்ன பாத்தீங்கன்னு கேப்பான். காலப் பாத்தேன், பின்னங்கால் கொஞ்சம் வீக்குதான்னு சொல்லிருங்க. டாக்டரு நீங்க, பல் டாக்டருன்னாலும் நம்புவான். சொறிங்கிற வார்த்த மட்டும் வேண்டாம்மா. அஞ்சு கோடையா இவனத் தேச்சுக் குளிப்பாட்டறவன் அவன்தான்.