பின்னறைச் சன்னலும் பூமியின் சூடும்

அவையை அமைதியால் ஆண்டுகொண்டிருக்கும் தலைவர் அவர்களே! எனக்கு முன்னால் மேடையேறி, இந்தப் பூமியை ஒருவர் சூடாக்க, ஒருவர் ஆற்றி வைத்துவிட்டு அமர்ந்திருக்கும் அறிஞர் பெருமக்களே! அனுபவத்தால் நரைத்த பெரியோர்களே! அனல் என்றால் என்னவென்று அன்றாடம் அடுப்படியில் அறிந்த தாய்மார்களே! "இவன் எப்போது முடிப்பான்?" என்று வாசலோரம் நின்று கணக்குப் போடும் தம்பிமார்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பருவநிலை மாற்றம் பற்றிப் பாமரன் ஒருவன் பேச வேண்டும் என்றார்கள். பாமரனைத் தேடி அலைந்து என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்து சேர்ந்தார்கள். நான் விஞ்ஞானி அல்லன். சற்றுமுன் ஓர் அறிஞர் காட்டிய படத்தில் கோடு ஒன்று மலையேறியது. மற்றோர் அறிஞர் காட்டிய படத்தில் அதே கோடு மல்லாந்து படுத்துக்கொண்டது. பாமரன் யாரை நம்புவது? உரத்த குரலையா? உயர்ந்த பட்டத்தையா? அழகான படத்தையா?

என் தொழிலில் ஒரே ஒரு வித்தைதான் உண்டு. கண் மங்குகிறது என்று ஒருவர் வந்தால், எல்லாக் கண்ணாடிகளையும் ஒன்றாக மாட்டிப் பார்க்க மாட்டேன். ஒன்றை மட்டும் மாற்றுவேன். மற்றதைத் தொட மாட்டேன். "இது தெளிவா, முன்னது தெளிவா?" என்று கேட்பேன். அந்த வித்தை என் அக்கா வீட்டு ரொட்டிக்கடையில் என்ன செய்தது என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

யாரது, "ரொட்டி கொடுப்பீங்களா?" என்று கேட்பது? பொறுங்கள் ஐயா, மாவே இன்னும் பொங்கவில்லை!

அக்காவின் கணவர், என் மாமா, அந்தக் கடையின் முதலாளி. பின்னறையில் மாவு பிசைய ஒருவர் இருந்தார். மாவுக்காரர் என்றே எல்லோரும் அழைப்பார்கள். கோடை தொடங்கியதும் பிசைந்த மாவு தொட்டியை மீறிப் பொங்கியது, புளித்தது, அடுப்பில் வைத்தால் அமுங்கியது. வாங்கியவர்கள் ரொட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து கல்லாவில் வைத்தார்கள். மாமா தீர்ப்பு வழங்க நேரமே எடுத்துக்கொள்ளவில்லை.

"ஈஸ்ட்ட அள்ளிக் கொட்டுறான். வேற என்ன? இந்த வாரத்தோட கணக்க முடிச்சு அனுப்பிடப் போறேன்."

"உள்ள சூடு தாங்கல முதலாளி. மாவு நிக்க மாட்டேங்குது," என்றார் மாவுக்காரர்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! வெப்பமானிய வந்து பாருய்யா. சூடு எங்க ஏறியிருக்கு?"

அந்த வெப்பமானி எங்கே தொங்கியது தெரியுமா? கல்லாவுக்கு மேலே, குளிர்சாதனக் காற்று நேராக வீசுகிற சுவரில்! மாமாவின் தலைமாட்டில் குளிர்காலம். மாவுக்காரரின் தலைமாட்டில் கொடுங்கோடை. ஆடத் தெரியாதவள் கூடத்தைக் குறை சொல்வாள், உண்மைதான். ஆனால் கூடம் மெய்யாகவே கோணலாக இருந்துவிட்டால், ஆடுகிறவள் என்ன செய்வாள்?

மாவுக்காரர் நிலை பரிதாபமாகத்தான் இருந்தது. மாவைக் கெடுத்தவன் என்ற பெயரோடு வெளியேறினால் அடுத்த கடையில் யார் சேர்ப்பார்கள்? கைக்குழந்தையோடு மனைவி வீட்டில் இருந்தார். அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"டேய், உன் கண்ணாடி வித்தைய இங்க காட்டு. ஒரு மனுசன் பொழப்பு போகுது."

முதலில் ஆளை மாற்றினோம். மாவுக்காரரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு அக்காவே பிசைந்தாள். மாவு பொங்கி வழிந்தது. அடுத்து ஈஸ்ட்டை மாற்றினோம்; பொங்கியது. மாவு மூட்டையை மாற்றினோம், பொங்கியது. கடைசியாக, அதே கை, அதே மாவு, அதே ஈஸ்ட், ஒரு தொட்டியை மட்டும் தூக்கிவந்து கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். அது அடக்க ஒடுக்கமாக, அளவோடு எழுந்து நின்றது! குற்றம் கையில் இல்லை. குற்றம் பையில் இல்லை. குற்றம் அறையில் இருந்தது.

மாமா ஒப்புக்கொண்டாரா? ஒரு படி மட்டும் இறங்கினார்.

"சரி, சூடுதான். கோடைன்னா சூடு இருக்காதா? இது இயற்கை. அதுக்கு நான் என்ன பண்ண?"

அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "போன வருசக் கோடையில மாவு ஒழுங்காத்தான இருந்துச்சு? அப்புறம் ரெண்டாவது அடுப்ப வெச்சது இயற்கையா? பின்னாடி சன்னல மறைச்சு மூட்டைய அடுக்கினது இயற்கையா? சொல்லுங்க, மூட்டை தானா நடந்து வந்துச்சா?"

மாமா இன்னொரு படி இறங்கினார். "பக்கத்துக் கடைக்காரன் மூணு அடுப்பு வெச்சிருக்கான். மொதல்ல அவனப் போய்க் கேளு!"

சிரிக்கிறீர்கள். நம் இரண்டாவது அறிஞரும் சிரிக்கிறார். அவர் பெருந்தன்மைக்கு நன்றி. மாவு கெட்டதற்கு மனிதன்தான் காரணம் என்று முதல் நாளே முடிவு கட்டியவர் யார்? மாமா! சூட்டுக்கு மனிதன் காரணமே இல்லை என்று பிறகு வாதாடியவர் யார்? அதே மாமா! மனிதன் என்றால் அவருக்கு எப்போதும் அடுத்த மனிதன்தான்.

ஒரு ரொட்டிக்கடையை வைத்து உலகத்தை நிரூபித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அறை வேறு, அவனி வேறு. ஆனால் அதன்பிறகு எனக்கு எதைக் கேட்பது என்று தெரிந்தது. சூரியனா? எரிமலையா? கடலின் பழைய ஏற்ற இறக்கமா? ஒவ்வொன்றாகச் சோதித்தீர்களா என்று படித்தவர்களைக் கேட்டேன். சோதித்திருக்கிறார்கள். இயற்கையை மட்டும் வைத்துக் கூட்டினால் இந்தச் சூட்டுக்குக் கணக்கு வரவில்லை. நாம் எரித்த புகையைச் சேர்த்தால்தான் வருகிறது. என் கடையில் இதைவிடக் குறைந்த சோதனைக்கே கண்ணாடி மாட்டி அனுப்பிவிடுகிறோம்.

கதை இன்னும் முடியவில்லை. வாரக் கடைசி வந்தது. நாங்கள் மூவரும் கல்லாவைச் சுற்றி நின்று வாதாடிக்கொண்டிருந்தோம். கோடையா, அடுப்பா, சன்னலா? இயற்கை பாதியா, நாம் பாதியா? எத்தனை நுட்பம்! எத்தனை நியாயம்! வாசலில் மாவுக்காரர் வந்து நின்றதை யாருமே பார்க்கவில்லை. எங்கள் வாதம் ஓயும்வரை பொறுத்திருந்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும் முதலாளி. நாளைக்கு நான் வேலைக்கு வரலாமா, வேணாமா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. மாமா கல்லாவை விட்டு நகர்ந்தார். பின்னறைக்குப் போனார். சன்னலை மறைத்த முதல் மூட்டையைத் தோளில் ஏற்றினார். இரண்டாவதை நான் பிடித்தேன். கடைசி மூட்டையும் நகர்ந்ததும் காற்று உள்ளே வந்தது. வேர்வை வழிய நின்ற மாமா, மாவுக்காரர் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"தொட்டிய சன்னல் பக்கமா போட்டுக்க. காலையில சீக்கிரம் வந்துரு."

மன்னிப்பு கேட்டாரா? இல்லை. வாதத்தில் தோற்றதாக ஒப்புக்கொண்டாரா? இன்றுவரை இல்லை. இப்போதும் யாராவது கேட்டால் "அது கோடைச் சூடுதான்" என்பார். ஆனால் வெப்பமானி பின்னறைக்கு மாறிவிட்டது. சன்னல் திறந்தே இருக்கிறது. மாவுக்காரர் உள்ளே பாடிக்கொண்டே பிசைகிறார்.

அன்பார்ந்தவர்களே! வாதாடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வாதாடும் நாம் எல்லோரும் கல்லாப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம். கடலோரத்தில் ஒருவர், காய்ந்த வயலில் ஒருவர், தகரக் கூரையின்கீழ் ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு நம் கோடும் தெரியாது, கணக்கும் தெரியாது. நாளைக்கு நாங்கள் இருக்கலாமா, வேண்டாமா என்று கேட்கிறார்கள். முழுப் பதில் நம்மிடம் இல்லாமல் இருக்கலாம். மூட்டை நம்முடையது; தோளும் நம்மிடம் இருக்கிறது.

பாமரனுக்கும் ஒலிவாங்கி கொடுத்த தலைவருக்கும், பொறுமை காத்த பெரியோருக்கும் தாய்மாருக்கும், வாசலை விட்டு உள்ளே வந்து அமர்ந்துவிட்ட தம்பிமாருக்கும் நன்றி கூறி இறங்குகிறேன். கூட்டம் முடிந்து போகும்போது, புழுக்கமாக இருக்கும் இந்த மண்டபத்தின் பின்பக்கச் சன்னலை யாராவது திறந்துவிட்டுப் போங்கள். வணக்கம்!