கழுத்துவலிக்கு ஓர் இலக்கம்

கழுத்துவலி மிகச் சாதாரணமான வருத்தம். தையல் மெசினில் குனிந்திருப்பவருக்கு வரும், தலையணை மாறிப் படுத்தவருக்கும் வரும். காரணம் தெரியாத கழுத்துவலிக்கென்று எங்கள் வேலையில் ஓர் இலக்கம் இருக்கிறது: எம் 54.2. வைத்தியசாலைப் பதிவறையில் இருந்துகொண்டு எத்தனையோ பேருக்கு அதை நான் போட்டிருக்கிறேன். என் மருமகள் பிறின்சிக்கும் போட்டேன். அதைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள் ஐயா. ஒளிக்காமல் சொல்கிறேன்.

முதலில் என் வேலையை விளங்கிக்கொள்ளுங்கள். நோயாளி வீடு போனபின் அவருடைய விடுதி ரிக்கற், அதாவது சிகிச்சைக் குறிப்பு, என்னிடம் வரும். வைத்தியர் எழுதியதை வாசித்து, அந்த நோய்க்குரிய எழுத்தையும் இலக்கத்தையும் நான் இடுவேன். காயம் என்றால் வேறு எழுத்து. அதை இன்னொருவர் செய்திருந்தால் கூடுதலாக ஓர் எழுத்துச் சேரும். செய்தவர் யார் என்பதை அது சொல்லும். கணவனுக்கென்றே தனி இலக்கம் உண்டு. மற்றக் குடும்பங்களுக்கு அதை நான் தயங்காமல் போட்டிருக்கிறேன்.

இன்னொரு பொறுப்பும் என்னிடம் இருந்தது. எங்கள் வைத்தியர்களில் பலர் தெற்கிலிருந்து வரும் இளம் பிள்ளைகள். அவர்களுக்குத் தமிழ் வராது, நோயாளிக்குச் சிங்களம் வராது. கொழும்பில் படித்த காலத்தில் நான் சிங்களம் பழகியவன். ஆகவே, "ஸ்ரனிஸ்லஸ் ஐயாவைக் கூப்பிடுங்கோ" என்பார்கள். நோயாளி சொல்வதை நான் சொல்வேன், நான் சொல்வதை வைத்தியர் எழுதுவார், அவர் எழுதியதற்கு நானே இலக்கம் போடுவேன்.

நாங்கள் முல்லைத்தீவுக் கரையில் சம்மாட்டிக் குடும்பம். சொந்தப் படகும் வலையும் வைத்து ஊருக்குத் தொழில் கொடுத்தவர்கள். முள்ளிவாய்க்காலோடு எல்லாம் போனது. மிஞ்சியது பெயர். கோயில் திருவிழாவின் ஒன்பது நாட்களில் ஒரு நவநாள் இன்றும் எங்களுடையது. அன்று புனிதரின் சுரூபத்தைச் சுமப்பவர்களில் முன்னுக்கு நிற்பவன் என் மகன் யதுசன்.

மாசியில் பிறின்சியை எங்கள் வைத்தியசாலை விடுதியில் சேர்த்தார்கள். கழுத்தைத் திருப்ப முடியவில்லை, குரல் கம்மியிருந்தது. தெற்கிலிருந்து வந்த ஓர் இளம் பெண் வைத்தியர் சால்வையை விலக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் அவளுடைய மாமன் என்று வைத்தியருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

"அவர் நெரிச்சவர், மாமா," என்றாள் பிறின்சி. "அவாவுக்குச் சொல்லுங்கோ."

இவள் கருவாட்டுக் கூடை சுமக்கிறவள், கூடைக் கயிறு கழுத்தில் இறுகி உரசிவிட்டது என்று வைத்தியரிடம் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு நாக் கூசியது. எங்கள் வீட்டுப் பெண்கள் எந்தக் காலத்திலும் கூடை சுமந்ததில்லை. வைத்தியர் என் நரைத்த தலையைப் பார்த்தார், அயன் பண்ணிய சட்டையைப் பார்த்தார், எழுதினார்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது பிறின்சி கேட்டாள்:

"சிங்களத்திலயும் கூடைக்குக் கூடை மாதிரித்தானே சொல்லுவினம் மாமா? மீன் எடுக்க வாற லொறிக்காரர் சொல்லிக் கேட்டிருக்கிறன். நான் எப்ப கூடை தூக்கினனான்?"

"வீட்டுக் கதையை வெளியில கதைக்கிறேல்லை, பிள்ளை."

"அப்ப கழுத்தை மட்டும் வெளியில கொண்டு வரலாமோ?"

அன்றே நான் அவளை அறிந்திருக்க வேண்டும்.

மகனை நான் கண்டிக்கவில்லை என்று நீங்கள் எண்ணக்கூடாது. அன்றைக்கே கதிரையில் இருத்திக் கதைத்தேன்.

"அவள் எதிர்த்துக் கதைக்கிறாள் அப்பா," என்றான்.

"கதைச்சால் கன்னத்தோட விடு. கழுத்தில அடையாளம் நிக்கும்."

ஒரு தகப்பன் இதைவிட என்ன சொல்ல முடியும்?

ஆனி மாதம், எங்கள் நவநாள் அன்று காலை, பிறின்சி மறுபடியும் விடுதிக்கு வந்தாள். அதே வைத்தியர். நான் கட்டிலருகே போய் வாய் திறக்கும் முன், அவள் வைத்தியரைப் பார்த்துச் சிங்களத்தில் பேசத் தொடங்கினாள். உடைந்த சிங்களம்தான், ஆனால் விளங்கியது. புருசன் என் கழுத்தை நெரித்தார். இவர் அவருடைய அப்பா. இவர் பொய் சொல்கிறவர்.

லொறிக்காரரிடம் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கியிருக்கிறாள். ஐயா, அதை நினைத்துப் பாருங்கள். என் சோற்றைத் தின்றுகொண்டு, என் குசினியில் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்துகொண்டு, எனக்கெதிராக ஒரு பாஷையைப் படித்திருக்கிறாள். மகளைப் போல நடத்தியவன் நான். விடுதி முழுவதும் திரும்பிப் பார்த்தது. வைத்தியர் என்னை வெளியே போகச் சொன்னார். அந்தக் கட்டடத்தில் அதுவரை ஒருவரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை.

நடந்ததை நடந்தபடி வைத்தியர் ரிக்கற்றில் எழுதினார். அடுத்த நாள் காலை பொலிஸ் வந்து வாக்குமூலம் எடுக்கும் என்று தாதி சொன்னா.

பின்னேரம் பிறின்சியிடம் போனேன். கோபம் காட்டவில்லை.

"சின்னவளுக்குக் காய்ச்சல். உன்னைத்தான் கேட்டு அழுறாள்," என்றேன்.

"அவர் வீட்டில நிக்கிறாரோ?"

"இல்லை. சுரூபம் தூக்கக் கோயிலுக்குப் போட்டான்."

சொந்த விருப்பில் வீடு போகிறேன் என்று கையொப்பம் வைத்தாள். பேத்திக்குக் காய்ச்சல் இல்லை. யதுசனும் கோயிலுக்குப் போகவில்லை. போகாதே என்று மத்தியானமே அவனுக்குக் கோல் எடுத்துச் சொல்லியிருந்தேன். அவள் விடுதியில் சொன்னதையும் அப்போதே தமிழில் சொன்னேன். அந்த மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை.

வீட்டுப் படலையில் அவளை இறக்கிவிட்டு, பேத்தியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கோயிலுக்குப் போனேன். நவநாளில் எங்கள் குடும்பத்தில் ஒருவராவது முன்னுக்கு நிற்க வேண்டும். யதுசனுக்குச் சுகமில்லை என்று சுவாமியாரிடம் சொன்னேன். திரும்பியபோது அவள் குசினி வாசலில் மூச்சில்லாமல் கிடந்தாள்.

விடிந்ததும் பதிவறைக்குப் போனேன். வைத்தியர் எழுதிய தாளைக் கிழித்தெடுத்துவிட்டு எம் 54.2 என்று போட்டேன். அந்த வைத்தியப் பிள்ளை தாளைத் தேடி என் அறைக்கே வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. நான் சொன்ன சிங்களத்தையெல்லாம் நோயாளியின் தமிழாக நம்பிய பிள்ளை, அன்று என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மரண விசாரணை அதிகாரியான உங்களைத்தான் கூப்பிட்டது.

நெரித்தவன் யதுசன். அவன் கைக்கு அவளைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். அவன் என்ன செய்வான் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். தெரிந்தபடியால்தான் பூசை முடிந்தும் கோயிலில் பிந்தி நின்றேன்.

நீங்கள் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். மரணத்துக்கான காரணங்களை மேலிருந்து கீழாக எழுதுவதுதான் முறை. எல்லாவற்றுக்கும் மூலமானது அடி வரியில் வரும். மேல் வரியில் என் மகனின் கையை எழுதுங்கள், அதன் கீழ் என்னை எழுதுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. அடி வரியில், அத்தனை பேர் கேட்க அவள் என்னைப் பொய்யன் என்றதை எழுதுங்கள்.